மஃப்கூதும் அரசின் கடமையும்

மருதனார்மடத்துக்கும் யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களுக்கும் பொதுவான திகதி ஒன்று உண்டு. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் முன்னேற, வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. எங்களில் பணயமாகப் பிடிக்கப்பட்ட வியாபாரிகள் சிலர் திரும்பி வரவேயில்லை. 1996இல் ஊர் திரும்பிய தமிழர்களின் பிள்ளைகளுக்கும் அதுவே நேர்ந்தது. அந்த ஓராண்டில் குடாநாட்டில் இராணுவம் பிடித்துக் காணாமற்போனோர் ஏறக்குறைய 600 பேர் என்றது சர்வதேச மன்னிப்புச் சபை. செம்மணியில் 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. 2025இல் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள்.

மருதனார்மடத்தில் ஒரு தாய் என்னிடம் சொன்னா: "தம்பி, கந்தோருக்குப் போனா மரணச் சான்றிதழ் எடுங்கோ எண்டினம். நாங்கள் பிள்ளையையெல்லோ கேக்கிறம்."

இந்தக் கேள்வி ஃபிக்ஹுக்குப் புதிதல்ல. காணாமற்போனவரை 'மஃப்கூத்' என்பார்கள். அவருடைய மனைவி நான்கு வருடம் பொறுத்து, பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கட்டும் என்பது உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பு. மாலிக்கி மத்ஹபில், காழி விசாரித்துத் தேடிய பிறகுதான் அந்த நான்கு வருடம் எண்ணப்படும். ஆக, தேடும் பொறுப்பு முதலில் ஆட்சியினுடையது. பொறுமை அதற்குப் பிறகே குடும்பத்திடம் கேட்கப்படுகிறது.

இலங்கையில் முறை தலைகீழாகிவிட்டது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அமைத்தது. ஆனால் அதன் முடிவுகளால் எவர்மீதும் குற்றவியல் பொறுப்போ சிவில் பொறுப்போ எழாது என்று அதே சட்டம் சொல்கிறது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வழங்கவும் 2016இலேயே சட்டம் வந்தது. நல்லதுதான், ஆனால் கடதாசி தேடலாகாது.

அந்த அலுவலகத்தின் சட்டம், கொண்டுபோனவர் யாரென்று பார்த்துக் காணாமற்போனவரைப் பிரிக்கவில்லை. ஆகவே 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் புலிகள் மறித்துக் கொண்டுபோன முஸ்லிம்களைத் தேடுவதும் அரசின் கடமைதான். 'அது புலிகள் செய்தது' என்று அரசு கைகழுவ முடியாது. 'அது தமிழருடைய பிரச்சினை' என்று செம்மணியை நாமும் தள்ளிவைக்க முடியாது. குருக்கள்மடத்துக்கு நியாயம் கேட்கும் நாக்கு செம்மணிக்கும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால்தான் அது நியாயம். இல்லாவிட்டால் வெறும் கட்சி கட்டல்.