பலாலிக்கு ஒன்றேகால் மணி

கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரலுக்கு 48 கிலோமீட்டர்; கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். விமானத்துக்கு ஒன்றேகால் மணி. அந்த வழியில் அளந்தால் சென்னைக்கு மதுரையைவிடப் பலாலிதான் கிட்ட. சிப்காட் ஆலைக் கொட்டகைகளுக்குப் பெயின்ட் அடிக்கிற எனக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். பலாலி ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருக்கிற மயிலிட்டி என் ஊர்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, மெட்ராஸ் போனது. டகோட்டா விமானம். அவர்களிடம் இருந்த மூன்று டகோட்டாக்களுக்கும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று தேவிமார் பெயர்.

அம்மம்மா ஐம்பதுகளில் தங்கையின் கல்யாணத்துக்குக் கூறை எடுக்க அதில் போயிருக்கிறார். "காலமை வெளிக்கிட்டு மத்தியானச் சோறு மெட்ராஸில சாப்பிட்டனாங்கள்" என்பார். காது அடைத்ததைச் சொல்வார். திரும்பி வரும்போது கூறைப் பொதியை மடியைவிட்டு இறக்கவே இல்லையாம். கடல் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன் என்பார்.

எழுபதுகளின் முடிவில் ஏர் சிலோன் மூடப்பட்டது. பிறகு போர். 1990 ஜூனில் ஊரே எழும்பி வெளியேறியபோது எனக்குப் பத்து வயது. எங்கள் காணிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. மன்னார், பேசாலை, ஓர் இரவு வள்ளம், தனுஷ்கோடி மணல், மண்டபம், கடைசியில் இந்த அகதி முகாம். வீட்டுப் படலையைச் சாத்தியதிலிருந்து கும்மிடிப்பூண்டியில் பாய் விரித்தது வரை 23 நாள். அம்மம்மா இங்கேதான் கண்ணை மூடினார்.

2019 நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து பலாலிக்கு மறுபடி விமானம் ஓடத் தொடங்கியது. மறுவருடம் கொரோனாவில் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று திரும்பவும் வந்தது. முகாம் பதிவில் இருப்பவர்களுக்கு அதில் ஏற டிக்கெட் மட்டும் போதாது. பயணப் பத்திரம் வேண்டும், வெளியேறும் அனுமதி வேண்டும். அவை கைக்கு வர எத்தனை நாள் என்று எந்தக் கால அட்டவணையிலும் போட்டிருக்காது. தூரம் என்று நான் சொல்வது அந்த நாட்களைத்தான்.

2019இல் அந்த முதல் விமானம் போன அன்று நான் சாரத்தின் மேல் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பையன் கைபேசியில் செய்தி வாசித்துக் காட்டினான். இரவு அம்மாவிடம் சொன்னேன்.

"எத்தினை மணித்தியாலமாம்?"

"ஒன்றேகால்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கட கிணத்தடிக்கு மேலாலதான் இறங்கியிருக்கும்" என்றார்.