ஊசிமுனையில் ஒரு வரலாறு: சீனத்துப் புள்ளி மருத்துவமும் நம் அமானத்தும்

திண்டுக்கல் பேகம்பூரில் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு கடைவீதிப் பக்கம் நடந்தால், அலோபதி மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே 'அக்குபங்சர்' என்ற எழுத்தையும் காண்கிறோம். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையிலோ காலிலோ ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பிவிடும் 'அக்கு ஹீலர்கள்' இன்று நகரில் மட்டுமன்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒருமுறையேனும் சென்று வந்தவர் ஒருவர் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. மூட்டுவலி குறைந்தது என்று மகிழ்ந்தவர்களையும் நாம் அறிவோம். இந்த மருத்துவத்தை நம்பி, பல ஆண்டுகளாக உட்கொண்டு வந்த சர்க்கரை நோய் மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்திவிட்டு, பின்னர் ஆறாத புண்ணால் கால்விரல்கள் இரண்டை இழந்த நம் குடும்பத்து மூதாட்டி ஒருவரையும் அறிவோம்.

எனவே, இம்மருத்துவம் எங்கே பிறந்தது, எவ்வழியாக நம் ஊருக்கு வந்தது, இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அறிந்துகொள்வது நமக்குப் பொழுதுபோக்கு அன்று. அது நம் கடமையைச் சார்ந்தது.

சீன மண்ணில் பிறந்த கலை

1973-ஆம் ஆண்டு, சீனாவின் ஹுனான் மாகாணத்தில் மவாங்துய் என்னுமிடத்தில் பழங்காலக் கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள். கி.மு. 168-இல் மூடப்பட்ட அக்கல்லறையில் பட்டுத்துணியில் எழுதப்பட்ட மருத்துவ நூல்கள் கிடைத்தன. உடலில் ஓடும் 'ஓட்டப் பாதைகள்' பதினொன்றை அவை விவரிக்கின்றன. ஆனால் அவற்றில் ஊசியும் இல்லை, புள்ளிகளும் இல்லை. பாதைகளைச் சூடேற்றும் முறை மட்டுமே உள்ளது. அதன் பின்னர்த் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' ஊசி மருத்துவத்தை விரிவாகப் பேசுகிறது. ஆக, முதலில் பாதைகள் பற்றிய எண்ணமும், பின்னர் ஊசியும் புள்ளிகளுமாக இக்கலை படிப்படியாக வளர்ந்தது என்பது தெளிவு. ஒரே நாளில் ஒரு ஞானிக்கு உதித்தது என்று சொல்வோரின் கூற்றுக்கு வரலாற்றில் இடமில்லை.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹுவாங்ஃபு மி, சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டி 349 புள்ளிகளை வரிசைப்படுத்தினார். சோங் அரச மரபின் காலத்தில், 1027-ஆம் ஆண்டளவில், அரச மருத்துவர் வாங் வெய்யி ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டை வார்ப்பித்தார். புள்ளிகள் உள்ள இடங்களிலெல்லாம் அவ்வுருவத்தில் துளைகள் இருந்தன. மேலே மெழுகைப் பூசி, உள்ளே திரவத்தை நிரப்பி, மாணவனை ஊசி குத்தச் சொல்வார்கள். இடம் சரியாக இருந்தால் திரவம் கசியும்; பிசகினால் ஊசி உள்ளே நுழையாது. பூட்டுக்குள் நெம்புகோல் அமையும் இடத்தை நூலளவும் தவறாமல் அறிந்திருக்கும் நம் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர்களுக்கு இந்தத் தேர்வின் கடுமை எளிதில் விளங்கும்.

இன்று உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளின் இடங்களை வரையறுத்து, 2008-இல் நூலாக வெளியிட்டுள்ளது. அவை பன்னிரண்டு முதன்மைப் பாதைகளிலும், உடலின் நடுக்கோட்டில் முன்னும் பின்னும் ஓடும் இரண்டு பாதைகளிலும் அமைந்துள்ளன. அளவுகோல் நோயாளியின் சொந்தக் கையே. அவருடைய கட்டைவிரலின் அகலம் ஒரு 'சுன்'. நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று 'சுன்'. குழந்தைக்கும் பெரியவருக்கும், ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் அவரவர் உடலே அளவு என்பது இம்முறையின் அழகு.

புள்ளிகளின் பெயர்களும் பொருள் நிறைந்தவை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே உள்ள 'ஹெகு' என்பதற்குச் 'சேரும் பள்ளத்தாக்கு' என்று பொருள். தலைவலிக்கும் பல்வலிக்கும் இதனைக் கையாள்வார்கள். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அளவில் உள்ள 'சூசான்லி' வயிற்றுக் கோளாறுகளுக்கும் களைப்புக்கும் உரியது. மணிக்கட்டின் உட்புறத்தில் மூன்று விரல் தள்ளியிருக்கும் 'நெய்குவான்', அதாவது 'உள்வாயில்', குமட்டலை அடக்குவதற்குரியது. உள்ளங்காலில் உள்ள புள்ளிக்குப் 'பொங்கும் ஊற்று' என்றே பெயர்.

'ச்சி' எனப்படும் உயிராற்றல் இப்பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்படுவதே நோய், மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்து மூலங்களின் சமநிலையே நலம் என்பவை அச்சீன மருத்துவர்களின் கொள்கைகள். உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் அரிதாயிருந்த காலத்தில், கண்ணால் காண முடியாததை விளக்க அவர்கள் கண்ட வழி இது.

இஸ்லாமிய உலகின் கை

'சீனா சென்றேனும் கல்வியைத் தேடுங்கள்' என்ற வாசகம் நம் மேடைகளில் அடிக்கடி நபிமொழியாகச் சொல்லப்படுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. இமாம் இப்னுல் ஜவ்ஸி இதனை இட்டுக்கட்டப்பட்டவற்றுள் ஒன்றாகவே பதிவு செய்துள்ளார். ஆயினும் நம் முன்னோர் சீனத்து அறிவைத் தேடிச் சென்றது உண்மை.

பத்தாம் நூற்றாண்டின் பாக்தாத் நூலறிஞர் இப்னு நதீம், மருத்துவ மேதை அர்ராஸியிடம் சீனர் ஒருவர் வந்து ஓராண்டளவு தங்கி அரபி கற்று, நாடு திரும்புமுன் காலனின் மருத்துவ நூல்களை வாசிக்கச் சொல்லி விரைவெழுத்தில் எழுதிச் சென்றதாகக் குறிப்பிடுகிறார். எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது. ஈரானை ஆண்ட இல்கானிய மன்னர்களிடம் அமைச்சராக இருந்த ரஷீதுத்தீன், தாமே ஒரு மருத்துவர். 1313-ஆம் ஆண்டில், சீன மருத்துவ நூல்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்து 'தன்சூக் நாமா' என்ற நூலை அவர் உருவாக்கினார். சீனர்கள் நாடி பார்க்கும் முறை அதில் விரிவாக இடம்பெற்றது. அதன் கையெழுத்துப் படி இன்றும் இஸ்தான்புல்லில் உள்ளது. இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' நாடியை நுணுக்கமாகப் பேசும் நூல் என்பதால், அந்நாட்டு ஹகீம்களுக்குச் சீன நாடி அறிவு முற்றிலும் அந்நியமாய் இருந்திருக்காது.

தமிழும் இத்தொடர்பின் ஓரத்தில் நிற்கிறது. சீன முஸ்லிம் கடற்படைத் தலைவர் செங் ஹ தம் பயணத்தின்போது இலங்கையின் காலியில் நாட்டச் செய்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. நம் மாவட்டத்துப் பழனியில் சமாதி கொண்டதாகக் கருதப்படும் போகர் சீனத்தோடு தொடர்புடையவர் என்பது சித்த மருத்துவர்களிடையே வழங்கும் மரபு. இது வரலாற்றுச் சான்று ஆகாது. ஆயினும் சீனம் என்னும் பெயர் இம்மண்ணின் நினைவில் மருத்துவத்தோடு பிணைந்தே இருந்து வந்துள்ளது என்பதை இம்மரபு காட்டுகிறது. தமிழரின் வர்மக் கலையும் 108 வர்மங்களைக் கணக்கிட்டு உடலைப் புள்ளிகளாகவே பார்த்தது. எனவே, தொட்டுக் குணப்படுத்துகிறோம் என்று ஒருவர் வந்தபோது நம் மக்கள் வியப்படையவில்லை.

இந்தியாவுக்கு வந்த வழி

அக்குபங்சர் நவீன இந்தியாவுக்குள் வந்த கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. ஜப்பானியப் படையெடுப்பால் சீனா துன்புற்றபோது, இந்திய தேசியக் காங்கிரஸ் 1938 செப்டம்பரில் ஐந்து மருத்துவர்களை அங்கே அனுப்பியது. டாக்டர் அடல் தலைமையில் சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி ஆகியோர் பம்பாயிலிருந்து கப்பலேறினர். சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ் திரும்பி வரவில்லை. 1942 டிசம்பர் 9 அன்று, 32-ஆம் வயதில், சீன மண்ணிலேயே உயிர் நீத்தார். அவர் வரலாற்றை நூலாக எழுதி, திரைப்படமாகவும் வர வழி செய்தவர் எழுத்தாளர் குவாஜா அகமத் அப்பாஸ்.

உயிரோடு திரும்பிய பிஜய் குமார் பாசு, 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் பயின்றார். 1959 முதல் கல்கத்தாவில் ஊசி மருத்துவம் அளிக்கத் தொடங்கினார். அவர் முறையாகப் பயின்ற அலோபதி மருத்துவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இந்திய அக்குபங்சரின் முன்னோடி, நோயை அறுதியிட நவீன மருத்துவத்தைக் கற்றவர். அதன்மேல் ஊசியைக் கூடுதல் கருவியாக ஏந்தியவர்.

1971-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங்கில் குடல்வால் அறுவைக்கு ஆளானபோது, பின்னர் ஏற்பட்ட வயிற்று உபாதைக்கு ஊசி மருத்துவம் பெற்றதை எழுதினார். அதன் பின் உலகமே இக்கலையைத் திரும்பிப் பார்த்தது. இந்தியாவில் மேற்கு வங்கம் 1996-இல் தனிச்சட்டம் இயற்றியது. நடுவணரசு 2003-இல் இதனை ஒரு சிகிச்சை முறையாகக் கையாள அனுமதித்து, 2019-இல் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

தமிழகத்தில் இக்கலை தனக்கென ஒரு வடிவம் எடுத்தது. ஊசிகள் பல குத்துவதற்குப் பதிலாக, நாடி பார்த்து ஒரே புள்ளியை விரலால் தொடும் முறை இங்கே பரவியது. செலவு குறைவு, வலி இல்லை, பசித்தால் உண், தாகித்தால் குடி, களைத்தால் உறங்கு என்ற எளிய அறிவுரை வேறு. அளவோடு உண்ணும் நபிவழியை அறிந்த நம் மக்களுக்கு அது இனிமையாக ஒலித்தது. ஆனால் அத்துடன், எல்லா மருந்தும் நஞ்சு, எந்தப் பரிசோதனையும் வேண்டாம், தடுப்பூசி தீங்கு என்ற பேச்சும் சிலரிடமிருந்து சேர்ந்து வந்தது. அது பழைய சீன நூல்களிலும் இல்லை, பாசு காட்டிய வழியிலும் இல்லை.

ஆய்வின் அளவுகோல்

ஜெர்மனியில் 2007-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலி உடைய 1,162 பேர் பங்கேற்றனர். முறைப்படி ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினரும், புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி போட்டவர்களில் 44 விழுக்காட்டினரும், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினரும் பயனடைந்தனர். இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. ஊசி பலருக்கு வலியைக் குறைக்கிறது. ஆனால் குறிப்பிட்ட புள்ளிதான் குணப்படுத்துகிறது என்பது உறுதிப்படவில்லை. அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கு 'நெய்குவான்' புள்ளி உதவுவதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. ஆனால் சர்க்கரை நோய், புற்றுநோய், மாரடைப்பு, காசநோய் ஆகியவற்றுக்கு உரிய மருத்துவத்தை இது ஈடுசெய்யும் என்பதற்குச் சான்று இல்லை.

உடல் ஓர் அமானத்

கிராமவாசிகள் சிலர், நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்துள்ளான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது, நபியவர்களே அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்து, மருத்துவம் அறிந்த ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. துஆ செய்யும் திருக்கரம், தேர்ந்த மருத்துவரையும் சுட்டிக் காட்டியது. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழியும் உண்டு. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தகுதியற்ற மருத்துவத்தைக் குறித்து நம் மார்க்கம் எச்சரித்துவிட்டது.

2024 பிப்ரவரியில் கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தில், வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு தாயும் சேயும் இறந்தனர். கணவரும், அக்குபங்சர் அளித்து வந்தவரும் கைதாயினர். அந்தப் பெண்ணின் உயிர் யாருடைய அமானத்? அவள் கணவனுடையதோ, ஹீலருடையதோ அன்று, அது படைத்தவனுடையது. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வழி இருந்தும் எடுத்துச் செல்லாமல், தவக்குல் என்று சொல்வது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஆகவே நாம் சில எல்லைகளை வகுத்துக்கொள்வோம். நாள்பட்ட வலிக்கு அக்குபங்சர் நாடலாம்; அதற்கு முன் நோய் இன்னதென்று தகுதியான மருத்துவரிடம் அறிந்துகொள்வோம். ஊசி போடுவோர், பிரித்து எடுத்தவுடன் பயன்படுத்தும் புதிய ஊசியையே கையாள வேண்டும். 'ஹெகு' போன்ற புள்ளிகளைக் கர்ப்பிணிகளுக்குச் சீன மரபே தவிர்த்திருக்கிறது என்பதைப் பெண்கள் அறிந்திருப்பது நலம். மருத்துவர் தந்த மாத்திரைகளை அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. குழந்தைகளின் தடுப்பூசியிலும், பிரசவத்திலும், நெஞ்சு வலியிலும் பரீட்சைக்கு இடமில்லை. மருந்தை நிறுத்து என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவரிடமிருந்து எழுந்து வருவதே அறிவு.

நம் குடும்பத்து மூதாட்டி இன்றும் தொழுகைக்கு நாற்காலியில் அமர்கிறார். எவரையும் அவர் பழிக்கவில்லை. பேரப்பிள்ளைகளிடம் மாத்திரை டப்பாவை எடுத்துவரச் சொல்லி, பிஸ்மில்லாஹ் கூறி வேளை தவறாமல் விழுங்குகிறார்.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அதற்கான வழிகளைச் சரியாகத் தேர்ந்துகொள்ளும் தெளிவை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.