பனையோலைப் பாய் (யாழ்ப்பாணம்)

பனையின் சார்வோலையை வெயிலில் உலர்த்திப் பதப்படுத்தி, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, கையால் இழைக்கும் விரிப்பு பனையோலைப் பாய். யாழ்ப்பாணக் குடாநாட்டில், கோப்பாய் போன்ற வலிகாமத்து வேளாண் ஊர்களில், படுக்கவும் வந்தவரை இருத்தவும் நெல்லும் ஒடியலும் (உலர்த்திய பனங்கிழங்கு) காயவிடவும் இதுவே விரிக்கப்பட்டது. கடகம், பெட்டி, குட்டான், உமல், நீத்துப்பெட்டி, சுளகு ஆகியவை இதன் இனப் பொருள்கள். நெசவு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இவற்றைக் கூடை முடைதல் என்று ஒதுக்கிவிட்டுப் பட்டையும் கம்பளத்தையும் பேசப் போய்விடுவர். நாடோடித் துருக்கிய மக்களின் கம்பளங்களோடு வைத்துப் பார்த்தால் இந்த ஒதுக்கல் பொருந்தாது.

தெக்கே, யோமுத், சாலோர், எர்சாரி முதலிய துருக்மேனியக் குழுக்களில் நெய்தவர்கள் பெண்கள். நிலத்தில் கிடையாகக் கட்டிய தறியைக் கூடாரம் பெயரும்போது சுருட்டி எடுத்துச் செல்லலாம். கூடாரத்தில் அலுமாரி இல்லை. உடுப்பு, உப்பு, பாத்திரம் அனைத்துக்கும் நெய்த பைகளே இடம். யாழ்ப்பாணத்து வீடு இடம்பெயராத வீடு என்றாலும், அதன் தானியத்தையும் மாவையும் காய்கறியையும் தாங்கியவை ஓலைப் பொருள்களே. அவற்றையும் பெரும்பாலும் பெண்களே, வீட்டு வேலைகளுக்கு நடுவே, தாயைப் பார்த்துப் பழகி இழைத்தனர். துருக்மேனியக் கம்பளத்தின் எண்கோணக் ‘குல்’ உருக்கள் குழுவின் அடையாளமாக நின்றன. பாயில் அத்தகைய குலக்குறி கிடையாது. ஆயினும் இரண்டிலும் கோலம் பிறப்பது எண்ணிக்கையால்தான்: அங்கே முடிச்சுகளின் எண்ணிக்கை, இங்கே மேலும் கீழும் போகும் ஓலைகளின் எண்ணிக்கை.

பாய்க்குத் தொன்மையைக் காட்டும் சான்று இல்லை என்பது இந்த ஒப்பீட்டுக்கு எழும் முதல் மறுப்பு. 1949இல் அல்தாய் மலையில் தொல்லியலாளர் செர்கேய் ருதென்கோ கண்டெடுத்த பசிரிக் கம்பளம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. அதை நெய்தவர் யார் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அது எஞ்சியதற்குக் காரணம் கல்லறைக்குள் உறைந்த பனிக்கட்டி. வெக்கையும் மழையும் கறையானும் உள்ள மண்ணில் ஓலை சில ஆண்டுகளில் மக்கிவிடும். ஆகவே பழைய பாய் கிடைக்காதது பாய் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகாது. எழுத்துச் சான்று இருக்கிறது: 1850இல் வில்லியம் பெர்கசன் கொழும்பில் பனையைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார், 1859இல் எமர்சன் தெனந்தும் தமது இலங்கை நூலில் பனையின் பயன்களை விரித்தெழுதினார்.

தறியும் நூலும் இல்லாததை நெசவு என்னலாமா என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. பாவும் ஊடும் தறியில் சேரும் தமிழ்நாட்டுப் பத்தமடைக் கோரைப்பாய் தொழில்நுட்பத்தில் துணிக்கு அருகில் நிற்கிறது. பனையோலைப் பாய் விரல்களாலேயே குறுக்கும் மறுக்குமாகப் பின்னப்படுவது. ஆனால் தறி ஒரு கருவி மட்டுமே. இழைகளைக் கணக்கோடு மாற்றி மாற்றிக் கோத்து ஒரு பரப்பை உண்டாக்கும் அறிவு இரண்டுக்கும் பொது. கடைச் சாயத்தில் தோய்த்த ஓலை மரபைக் கெடுத்தது என்போரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயம் துருக்மேனியக் கம்பளத்திலும் புகுந்தது. அதனால் அது மரபுக்கு வெளியே தள்ளப்படவில்லை.

பாயின் சரிவுக்குச் சாயம் காரணமன்று. பிளாஸ்டிக் பாயும் வாளியும் மலிவாக வந்தன. உள்நாட்டுப் போரில் பனைகள் பெருமளவில் அழிந்தன. 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய வலிகாம இடப்பெயர்வு கோப்பாய் உள்ளிட்ட ஊர்களை வெறுமையாக்கியது. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை பயிற்சியாலும் சந்தைப்படுத்தலாலும் கைப்பணியைத் தாங்கி வருகிறது. எனினும் அதன் உற்பத்தியில் அழகுப் பொருள்களுக்குக் கிடைக்கும் கவனம் களத்துப் பாய்க்குக் கிடைப்பதில்லை. துருக்மேனிஸ்தான் தன் தேசியக் கொடியிலேயே கம்பளக் கோலங்களைப் பதித்தது. 2019இல் அதன் கம்பளக் கலை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. யாழ்ப்பாணத்துக்குக் கொடி தேவையில்லை. இழைக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே, ஊர்தோறும் பின்னல் வகைகளையும் அவற்றின் கணக்கையும் பதிவு செய்து அருங்காட்சியகத்தில் வைப்பதே இன்று செய்யவேண்டிய வேலை.