யோகஹாமாவிலிருந்து சென்னைக்கு ஒரு கடிதம்

1893 ஜூலை 10. சிகாகோ போகும் வழியில் யோகஹாமாவின் ஓரியண்டல் ஹோட்டலில் தங்கியிருந்த விவேகானந்தர் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அதில் முதலில் விளிக்கப்படுபவர் அளசிங்கப் பெருமாள். சுவாமியைக் கப்பலேற்றுவதற்காக வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டியவர். ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுசரைக் குருவாகப் போற்றும் வைணவக் குடும்பத்துப் பிள்ளை.

கடிதத்தின் முன்பாதி பயணக் குறிப்பு. பின்பாதி நல்ல வசவு. பீரங்கி முதல் தீப்பெட்டி வரை வேண்டியதையெல்லாம் ஜப்பானியர் தாங்களே செய்துகொள்ளக் கிளம்பிவிட்டார்கள், நீங்களோ கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வறுத்தெடுக்கிறார். நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் ஜப்பானுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது அவர் ஆசை. ஜூலை 14-ல் ‘எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா’ கப்பலில் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் உடன் வந்தவர் ஜாம்ஷெட்ஜி டாடா.

இளைஞர்கள் போகத்தான் செய்தார்கள், நூறாண்டு தாமதமாக. 1933-ல் யோகஹாமாவில் தொடங்கிய நிசான், 2009-ல் தன் தலைமையகத்தை டோக்கியோவிலிருந்து பிறந்த ஊருக்கே மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில், ராமானுசரின் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2025-ல் ஆலையில் நிசானுக்கு இருந்த பங்கை ரெனோ வாங்கிக்கொண்டாலும், நிசான் கார்கள் அங்கேதான் தயாராகின்றன. வேலையாக யோகஹாமா போகும் ஒரகடத்துப் பொறியாளருக்கு அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் எங்கே போகலாம்?

முதலில் ஒரு மரத்தைப் பார்க்கட்டும். 1854-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி, போர்க்கப்பல்களைக் காட்டி ஜப்பானிடம் ஒப்பந்தம் வாங்கியது இந்தக் கரையில்தான். அப்போது இது ஒரு மீனவக் கிராமம். ஒப்பந்தம் நடந்த இடத்தருகே நின்ற ‘தமாகுசு’ மரம் 1923 பூகம்பத் தீயில் எரிந்து, வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது. வரலாற்று ஆவணக் காட்சியகத்தின் முற்றத்தில் இன்றும் நிற்கிறது.

1859-ல் துறைமுகம் திறந்ததும் பட்டு ஏற்றுமதி ஊரைப் பணக்கார ஊராக்கியது. பட்டு வணிகர் ஹரா தோமிதாரோ அமைத்த சங்கெய்-என் தோட்டம் 1906-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1916-ல் தாகூர் வந்து தங்கியதும் அங்கேதான். எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் செங்கல் கிடங்குகள் பழைய சுங்கக் கிடங்குகள், இப்போது கடைத்தெரு. நேரம் குறைவென்றால் கிடங்குகளை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே போகலாம்.

மேலை வணிகர்களோடு சீனர்களும் வந்தார்கள், மொழிபெயர்ப்பாளராக, தரகராக. நம் சென்னைத் துபாஷிகளைப் போல. ஜார்ஜ் டவுன் துபாஷிகள் கோயில்களையும் சத்திரங்களையும் விட்டுச்சென்றார்கள். இவர்கள் கோயிலோடு ஒரு சமையலையும் விட்டுச்சென்றார்கள். சைனாடவுனில் தொடக்கமாகப் பரிமாறப்பட்ட ‘ஷூமாய்’, மெல்லிய மாவு உறையில் பன்றி இறைச்சி வைத்து ஆவியில் வேகவைப்பது. யோகஹாமா ரயில் நிலையத்தில் உணவு விற்ற கியோகென் கடைக்கு ஒரு சங்கடம்: டோக்கியோ மிக அருகில் இருப்பதால் அங்கே ரயிலில் யாருக்கும் பசிப்பதில்லை. ஊருக்கென்று ஒரு பண்டம் இருந்தால்தான் வாங்குவார்கள் என்று கண்டுகொண்டு, ஆறினாலும் ருசிக்கும் ஷூமாயை 1928-ல் விற்கத் தொடங்கியது. 1954 முதல் அது சோற்றோடு சேர்ந்து டிபன் பெட்டியாகவும் கிடைக்கிறது. ஒரு சீனப் பலகாரம் ஜப்பானிய ஊரின் அடையாளமான கதை இவ்வளவுதான்.

சைவக்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெறும் காய்கறி சூப்பாகத் தெரிவதிலும் பெரும்பாலும் உலர்ந்த மீன் போட்டுக் கொதிக்கவைத்த சாறுதான் அடிப்படை. ஐஸ்கிரீமில் அந்தத் தொல்லை இல்லை; ஜப்பானில் அதை முதலில் விற்றது இந்த ஊரின் பாஷாமிச்சி தெருவில், 1869-ல்.

சாப்பிட்டு முடித்துக் கடலோரம் யமாஷிதா பூங்காவுக்கு நடந்தால், 1930-ல் கட்டப்பட்ட ஹிகாவா மாரு கப்பல் கரையோடு கட்டி நிற்கிறது. பூங்காவே பூகம்ப இடிபாடுகளைக் கடலில் கொட்டி உண்டாக்கியது. அங்கே ஒரு ஓரத்தில், குவிமாடம் கவிந்த சிறு மண்டபத்துக்குள் ஒரு நீரூற்று. 1923 செப்டம்பர் 1 பூகம்பத்தில் வீடும் கடையும் இழந்த இந்திய வணிகர்களுக்கு ஊர்மக்கள் கைகொடுத்தார்கள். நன்றியாக வணிகர்கள் 1939-ல் இதைக் கட்டித் தந்தார்கள். பலரும் படகுத்துறைக்குப் போகும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பூகம்பத்துக்குப் பின் அந்த வணிகர்களில் பலர் மேற்கே வேறொரு துறைமுகத்துக்குப் பெயர்ந்தார்கள். யோகஹாமா நகராட்சி வீடு கட்டித் தருகிறோம் என்று அழைத்தும் எல்லோரும் திரும்பவில்லை. அவர்கள் போன ஊர் கோபே. அடுத்த வாரம் அங்கே.