தாய்மொழி காத்த அங்கேரி மக்கள்

சில ஆண்டுகளுக்கு முன், ரயில்வே பாஸின் உதவியால் குடும்பத்துடன் டார்ஜிலிங் சென்றிருந்தோம். அங்குள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அங்கேரி நாட்டு அறிஞர் ஒருவரின் சமாதியைக் கண்டோம். அலெக்சாண்டர் சோமா என்பது அவர் பெயர். கடல் கடந்த நாட்டினர் ஒருவர் இம்மலைச்சாரலில் உறங்குவானேன் என்ற வினா நம்மை விடவில்லை. மெட்ரிகுலேஷனுடன் கல்வியை நிறுத்திய நாம், அதற்கு விடை தேடிப் படித்தவற்றை இம்மலரின் வாயிலாக நம் காலனி அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

அங்கேரி மக்கள் தம்மை மாகியார் என்றே அழைத்துக்கொள்வர். ஜெர்மானியர், ஸ்லாவியர், ருமேனியர் ஆகியோர் சூழ வாழினும், அவர்தம் மொழி அம்மூவர் மொழியோடும் உறவுடையதன்று. தொலைவிலுள்ள பின்லாந்து மொழியும், யூரல் மலைக்கு அப்பாலுள்ள சிறு குடிகளின் மொழிகளுமே அதன் சுற்றம். ஆர்ப்பாத் என்னும் தலைவனின் கீழ், குதிரையேறிக் கிழக்கிலிருந்து வந்த மாகியார் குலங்கள், 895ஆம் ஆண்டை ஒட்டிக் கார்ப்பாத்திய மலைகள் சூழ்ந்த சமவெளியில் குடியேறின. 1000ஆம் ஆண்டை ஒட்டி ஸ்டீபன் மன்னர் கிறிஸ்தவ முறைப்படி முடிசூடினார்.

அதன் பின்னர் அந்நாடு பட்ட துயரங்கள் பல. 1241இல் மங்கோலியர் படையெடுத்து ஊர்களை அழித்தனர். 1526இல் மோகாச் போர்க்களத்தில் துருக்கியரிடம் தோற்று மன்னரும் மாண்டார். 1541 முதல் 1686 வரை தலைநகராம் பூடா துருக்கியர் வசமிருந்தது. அதன்பின் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சி வந்தது. இத்தனை இடர்களுக்கிடையே அம்மக்கள் கரைந்து போகாதது எங்ஙனம்? வாளும் குதிரையும் மட்டுமே காரணமல்ல. மொழியும் ஒரு பெருங்காரணம் என்பதே நம் துணிபு.

அம்மொழியும் எளிதில் பிழைத்துவிடவில்லை. நூற்றாண்டுகளாக அந்நாட்டின் சட்டமும் அலுவலும் லத்தீனில் நடந்தன. 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், ஜெர்மனே ஆட்சிமொழி என ஆணையிட்டார். எதிர்ப்பு வலுக்கவே, தாம் இறக்குமுன் 1790இல் தம் ஆணைகளுள் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றார். அந்த அதிர்ச்சி மக்களை விழிக்கச் செய்தது. காசின்சி என்னும் எழுத்தாளரும் அவர்தம் தோழர்களும் புதுச்சொற்களை ஆக்கித் தம் மொழியைக் கல்விக்கும் அறிவியலுக்கும் ஏற்றதாக்கினர்.

1825ஆம் ஆண்டுச் சட்டமன்றக் கூட்டத்தில், மொழிவளர்ச்சிக்கென ஒரு கழகம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பணம் எங்கே என்ற கேள்வியும் உடன் எழுந்தது. அப்போது சேச்செனி என்னும் இளம் பிரபு எழுந்து, தம் நிலங்களின் ஓராண்டு வருமானத்தை அளிப்பதாக அறிவித்தார். பிறரும் அவரைப் பின்பற்றினர். அங்கேரி அறிவியற் கழகம் பிறந்தது. 1844இல் அங்கேரிய மொழி அந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று.

ரயில்வே ஊழியரான நம்மைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. 1846இல் பெஸ்ட் நகரிலிருந்து வாட்ஸ் நகருக்கு அந்நாட்டின் முதல் ரயில் ஓடியது. அதன் பாதையை அவர்கள் ‘வஷூட்’ என்பர். ‘வஷ்’ என்றால் இரும்பு. ‘ஊட்’ என்றால் வழி. நம் ‘இருப்புப்பாதை’யும் அதுவேயன்றோ! சொல்லோடு சொல் ஒட்டி வளர்வதும் இரு மொழிக்கும் பொது. ‘ஹாஸ்’ வீடு, ‘ஹாஸக்’ வீடுகள், ‘ஹாஸக்பன்’ வீடுகளில். இதனைக் கண்டு இரு மொழியும் உறவென்று கருதிவிடலாகாது. அமைப்பில் மட்டுமே ஒப்புமை.

இனிச் சோமாவைக் காண்போம். தம் இனத்தின் ஆதித் தாயகத்தை ஆசியாவில் கண்டறிய வேண்டுமென்று 1819இல் ஊரை விட்டுப் புறப்பட்டார். பெரும்பாலும் கால்நடையாகவே வந்து, லடாக்கை அடுத்த மடாலயங்களில் குளிரையும் வறுமையையும் பொறுத்துத் திபெத்திய மொழியைக் கற்றார். 1834இல் அவரது திபெத்திய–ஆங்கில அகராதி கல்கத்தாவில் வெளிவந்தது. அந்நகரின் ஆசியக் கழகத்தில் நூலகராகவும் பணிபுரிந்தார். மீண்டும் தாயகம் தேடி லாசாவுக்குச் செல்லும் வழியில், 1842இல் டார்ஜிலிங்கில் காய்ச்சலுக்கு இரையானார். தேடியது கிடைக்கவில்லை, எனினும் பிறர் மொழியொன்றை உலகறியச் செய்துவிட்டார்.

வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1848இல் விடுதலைக்கு எழுந்த அங்கேரியர், மறு ஆண்டே ரஷ்யப் படையின் உதவி பெற்ற பேரரசிடம் தோற்றனர்; 1867இல் உடன்படிக்கையால் தன்னாட்சி பெற்றனர். தம் மொழிக்காகக் கண்ணீர் விட்ட அவர்களே, அதன்பின் தம் ஆட்சியிலிருந்த ஸ்லோவாக்கியர், ருமேனியர் முதலியோரின் பள்ளிகளில் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கேரிய மொழியை வற்புறுத்தினர். பகைமையே வளர்ந்தது. முதல் உலகப் போரில் தோற்று, 1920ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மூன்றில் இரு பங்கு நிலத்தை இழந்தபோது, சுமார் 30 இலட்சம் மாகியார் அயல்நாட்டுக் குடிகளாயினர். பிறர் மொழியிடையே தம் மொழியைக் காக்கும் துன்பம் அவர்களுக்கே வாய்த்தது!

இதற்கு மாறான நல்வழியும் அம்மக்களிடையே உண்டு. பார்த்தோக், கோடாய் என்னும் இசைப் புலவர் இருவர், ஒலிப்பதிவுக் கருவியுடன் சிற்றூர்தோறும் சென்று உழவர் பாடல்களைச் சேர்த்தனர். அவருள் பார்த்தோக், ருமேனியர், ஸ்லோவாக்கியர் பாடல்களையும் அதே அன்புடன் சேர்த்தார். 1956இல் சோவியத் படை புரட்சியை நசுக்கியபோது ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் நாடு நீங்கினர். அந்நாட்டில் மீண்டும் பல கட்சித் தேர்தல் 1990இல் நடந்தது.

அன்பர்களே, நாமும் பிறர் மொழி வழங்கும் மண்ணில் வாழ்கின்றோம். அம்மண் நமக்குச் சோறிடுகிறது. அதன் மொழியை நம் பிள்ளைகள் நன்கு பேசுவது நமக்குப் பெருமையே. ஆயின் ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தை நம் இல்லத்துப் பிள்ளைகள் நம்மிடம் நீட்டி, “படித்துச் சொல்லுங்கள் அப்பா” என்கின்றனர். குற்றம் பிள்ளைகளுடையதன்று, நம்முடையதே. சேச்செனி பிரபு ஓராண்டு வருமானம் ஈந்தார். அத்தகைய செல்வம் நம்மிடமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரம் உண்டு. அடுத்த ஆண்டு விழாவுக்குள் நம் சங்கக் கட்டடத்தில் தமிழ் வகுப்பொன்று நடைபெறுமாயின், கரும்பலகையின் முன் நிற்க நாம் முதலில் வருவோம்.

வாழ்க தமிழ்! வாழ்க பிற மொழிகளும்!