நட்டும் போல்ட்டும் இருந்த தொட்டி: வோஷிங் மெஷின் பிறந்த கதை

தேற்றாத்தீவில் ஓர் இரும்புச் சாமான் எத்தனை வருடம் உழைக்கும் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே கல்முனை வீதி ஓடும் ஒடுங்கிய மணல் நிலம். சைக்கிள் றிம், யன்னல் கம்பி, வாசல் கேற் எதுவும் உப்புக்காற்றுக்குத் தப்பாது. கிணறுகளும் இந்த மணலுக்குள்தான். பெய்த மழை மணலில் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்த் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக நிற்கிறது, அதைத்தான் அள்ளுகிறோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தப் படை மெலியும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டால் கலங்கல் தண்ணீர் தெளியும் என்பது ஊரறிந்த வைத்தியம். மிதக்கும் சேற்றை அது அடியில் படியவைக்கும். கரைந்திருக்கும் உப்பையும் சுண்ணாம்பையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிப்பட்ட காற்றிலும் தண்ணீரிலும் பழைய வோஷிங் மெஷின் ஒன்று இருபது வருடம் ஓடியது, அதற்குப் பதிலாக வாங்கியது ஐந்தாம் வருடமே வாசலுக்கு வந்துவிட்டது என்பது வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை முழுக்கக் கேட்கும் பேச்சு. “அந்தக் காலத்துச் சாமான்” என்று பெருமூச்சு விடுவதோடு அது முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் திருப்தி இல்லை. பழையது ஏன் உழைத்தது, புதியது எங்கே உடைகிறது என்பதற்கு மெஷினின் வயிற்றுக்குள்ளேயே பதில் இருக்கிறது. அதைப் பார்க்க, அது பிறந்த இடத்திலிருந்து வர வேண்டும்.

ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் நகரில் யாக்கோப் கிறிஸ்தியான் ஷேஃபர் என்றொரு போதகர் இருந்தார். காளான்களையும் பூச்சிகளையும் ஆராய்ந்து எழுதியவர், கந்தைத் துணிக்குப் பதிலாகச் செடிகொடிகளிலிருந்து கடதாசி செய்து பார்த்தவர். 1767இல் துணி துவைக்கும் மரத்தொட்டி ஒன்றின் அமைப்பை அவர் வெளியிட்டார். தொட்டிக்குள் முளைகள் பதித்த ஒரு பலகை, மேலே கைப்பிடி, பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினால் உடுப்பு தண்ணீருக்குள் புரளும். 1782இல் இலண்டனில் ஹென்றி சிட்ஜியர் சுழலும் கூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் நிற்கும் மெஷின்கள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றின் வழிவந்தவைதான். ஒன்றில் தொட்டி நிற்க உள்ளே ஒன்று சுற்றும். மற்றதில் கூடே சுற்றும்.

மின்சார மெஷினைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் அல்வா ஃபிஷர் என்று பாடப்புத்தகப் பாணியில் எழுதுவார்கள். அவருக்கு 1910 ஓகஸ்ட் 9இல் காப்புரிமை கிடைத்தது உண்மை. ஆனால் 1904இலேயே மின்சாரத் துவைப்பு மெஷின் விளம்பரங்கள் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டன. முதலாமவர் யாரென்று சொல்ல ஆதாரம் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவும் படவில்லை.

என் மனதில் நிற்பது ஐயோவா மாநிலத்து நியூட்டன் என்ற சிற்றூரில் நடந்தது. மேய்டாக் நிறுவனம் 1893இல் தொடங்கியபோது செய்தது கதிரடிக்கும் இயந்திரத்துக்கான உதிரிச் சாமான். அந்த வியாபாரம் அறுவடைக் காலத்தோடு ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களில் தொழிலாளருக்கு வேலை வேண்டுமே என்று 1907இல் துவைப்பு மெஷின் செய்தார்கள். வாங்க வேண்டியவர்களோ கமக்காரர். அவர்கள் வீட்டில் கரண்ட் இல்லை. ஆகவே தொட்டியின் அடியில் ஒரு சின்னப் பெற்றோல் எஞ்சினைப் பூட்டினார்கள். காலால் மிதித்து ஸ்டார்ட் பண்ணி, புகைக்குழாயை யன்னல் வழியே வெளியே விட்டுத் துவைத்தார்கள். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் எத்தனையோ ஊர்களுக்கு யுத்தம் முடிந்த பிறகுதான் மின்கம்பி போனது. அங்கே இருந்த பெண்களுக்கு இந்த எஞ்சின் மெஷினின் அருமை சொல்லாமலே விளங்கும்.

மேய்டாக் தொட்டியை மரத்திலிருந்து வார்ப்பு அலுமினியத்துக்கு மாற்றியது. 1922இல் ஹோவர்ட் ஸ்னைடர் என்ற பொறியாளர், கலக்கும் துடுப்பை மூடியிலிருந்து எடுத்துத் தொட்டியின் அடிக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு தண்ணீரே உடுப்புக்குள் பாய்ந்து அழுக்கை எடுத்தது. பிழிவதற்கு மேலே இரண்டு றப்பர் உருளைகள். அந்த உருளைக்குள் விரல் அகப்பட்டவர்கள், கை நசுங்கிய பிள்ளைகள் ஏராளம். பழையதைப் புகழும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த மாதிரியை மேய்டாக் 1983 வரை செய்துகொண்டிருந்தது. அதற்குள் தானாகவே தண்ணீர் எடுத்து, அலசி, பிழியும் மெஷின் வந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 1937இல் பென்டிக்ஸ் கொண்டுவந்த முதல் தானியங்கி மெஷின் அதிர்ந்து நடந்துவிடாமலிருக்க அதைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக்கு வந்தது இவை ஒன்றும் அல்ல. வந்தது ஜப்பான் வழி. சான்யோ நிறுவனத்தை 1947இல் தொடங்கிய ஈயுவே தோஷியோ, வெளிநாட்டு மெஷின்களை வாங்கிக் கழற்றிப் பார்த்தார். பிரித்தானிய ஹூவர் மெஷினில் தொட்டியின் பக்கச் சுவரில் ஒரு சிறு தட்டு சுழன்று தண்ணீரைச் சுழியாக்கியது. அந்த வழியில் 1953இல் சான்யோ விட்ட மெஷின் சின்னது, 28,500 யென் விலை. அமெரிக்க மெஷினின் விலையோடு பார்த்தால் அது குறைவு. அடுத்த சில வருடங்களில் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, வோஷிங் மெஷின் மூன்றையும் ஜப்பானியர் வீட்டின் மூன்று பொக்கிஷங்கள் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். பிறகு துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஆசியா முழுக்கப் பரவிய மெஷின் அதுதான்.

மட்டக்களப்பில் அதுவரைக்கும் உடுப்புத் தோய்ப்பது கிணற்றடி வேலை. கப்பியில் அள்ளி, சவுக்காரம் போட்டு, கல்லில் அடித்து, திரும்பவும் அள்ளி அலசும் வேலை. அநேகமாகப் பெண்களின் முதுகில் ஏறிய வேலை. ஊருக்குத் துணி வெளுக்கும் கட்டாடிமாரின் தொழில் அதிலிருந்து வேறானது. கோயில் சடங்குக்கும் கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வெள்ளை கட்டுவது முதல், அந்த உழைப்பின் மேல் ஊர் வழமையே நின்றது. அதற்குரிய கூலியும் மதிப்பும் கொடுக்காத சமூகம் இது என்பதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி கிட்டத்தட்ட அடைத்தே கிடந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்தது. அதே காலத்தில் வளைகுடாவுக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். அரபு நாட்டு வீடுகளில் மற்றவர்களின் உடுப்பை மெஷினில் போட்டு எடுத்த எங்கள் பெண்கள், தங்கள் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமென்று சேர்த்த காசில் வாங்கினார்கள். கார்த்திகை, மார்கழி மாரியில் கொடியில் போட்ட உடுப்பு மூன்று நாளாகியும் காயாமல் மணக்கிற ஊரில், பிழியும் தொட்டி ஒன்றே கொடுத்த விலைக்குப் போதும்.

அந்த இரட்டைத் தொட்டி மெஷினைப் பின்பக்கம் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். ஏழெட்டு ஸ்குறூ ஆணிகள். கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். உள்ளே இரண்டு மோட்டர்கள், இரண்டிலும் தேய்கிற கரித்துண்டு கிடையாது. ஒரு கெபாசிட்டர். மோட்டரிலிருந்து துவைக்கும் தட்டுக்கு ஒரு பெல்ட். தொட்டியின் அடியில் தண்ணீர் ஒழுகாமல் ஒரு றப்பர் சீல். பிழியும் தொட்டிக்கு ஒரு பிரேக். மூடியைத் திறந்தால் கம்பி இழுபட்டு அது பிடித்துக்கொள்ளும். மேலே திருகும் டைமருக்குள் இருப்பது வில்லும் பற்சக்கரமும். “ம்ம்” என்று மட்டும் சத்தம் வந்து தட்டு சுற்றாவிட்டால் அநேகமாகக் கெபாசிட்டர். கீழே ஈரம் கண்டால் சீல். மோட்டர் சுற்றியும் தண்ணீர் சுழியாவிட்டால் பெல்ட். வருத்தம் என்னவென்று மெஷினே சொல்லிவிடும். கேட்கத் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்தால் போதும். சைக்கிள் கடைக்காரரும் றேடியோ திருத்துகிறவரும் இதைத் திருத்தினார்கள். சாமான் கிடைக்காத யுத்த காலத்தில் ஒரு மெஷினின் உறுப்பு இன்னொரு மெஷினுக்குப் போனது. உறுப்புகள் தனித்தனியாகக் கழன்றதால்தான் அது முடிந்தது.

பழைய மெஷினின் நீண்ட ஆயுள் இரும்பின் கனத்தில் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. கனமான இரும்புக் கூட்டை இந்த உப்புக்காற்று காலிலிருந்து தின்றுகொண்டே வரும். எனாமல் பூச்சு ஓரிடத்தில் தெறித்தால் போதும், அங்கே துரு வேர் விட்டுவிடும். கடற்கரை வீட்டுக்கு பிளாஸ்டிக் உடல்தான் தோதானது. பிளாஸ்டிக்கைக் குறைசொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழையது நீண்டகாலம் உழைத்ததற்குக் காரணம், அது பழுதாகும் என்று செய்தவருக்குத் தெரிந்திருந்தது. பழுதாகும் இடத்தில் அவர் ஒரு நட்டை வைத்தார்.

புதிய மெஷினுக்கு உரிய நியாயத்தையும் கொடுக்க வேண்டும். 1959இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர், அழுக்கு போவதற்கு நான்கு காரணம் என்று ஒரு வட்டம் போட்டார்: மருந்து, சூடு, அடி, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும். பழைய அமெரிக்க மேல்மூடி மெஷின் ஒரு தடவைக்கு 150 லீற்றர் அளவில் தண்ணீர் குடிக்கும். இன்றைய முன்கதவு மெஷினுக்கு 50 லீற்றர் சொச்சம் போதும். கிணற்றில் உவர் ஏறப் பயப்படும் ஊருக்கு இது சின்ன விஷயமல்ல. தண்ணீரையும் சூட்டையும் குறைத்ததற்கு ஈடாகத்தான் அது இரண்டு மணி, மூன்று மணி நேரம் சுற்றுகிறது. அவ்வளவு நேரம் சுற்றி, பிழியும்போது நிமிடத்துக்கு 1,200 சுற்று, 1,400 சுற்று என்று ஓடினால், பாரம் முழுவதும் பின்பக்கத்துப் பெயரிங்கில் போய் விழும்.

அந்தப் பின்பக்கத்தில்தான் வில்லங்கம். சுற்றும் கூடு துருப்பிடிக்காத எஃகு. அதைத் தண்டோடு பிடித்திருக்கும் மூன்று கைச் சட்டத்துக்கு ஸ்பைடர் என்று பெயர். அது பெரும்பாலும் அலுமினியக் கலவை. எஃகும் அலுமினியமும் சவுக்காரத் தண்ணீரில் நனைந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தால், சின்ன பற்றரி ஒன்று உண்டான மாதிரி, அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போகும். தண்ணீரில் உப்பு கூடினால் அரிப்பும் கூடும். கழற்றி எடுத்த ஸ்பைடரின் மேலே சாம்பல் நிறத்தில் மாவாகப் படிந்திருக்கும். விரலால் சுரண்டினால் உதிரும். அடியில் குழி குழியாகத் தெரியும். ஒருநாள் பிழியும் வேகத்தில் ஒரு கை முறிந்தால் கூடு தொட்டியில் இடித்து முழு வீடும் அதிரும்.

ஸ்பைடரும் பெயரிங்கும் தேய்வது குற்றமில்லை. அவற்றை மாற்ற வெளித்தொட்டியைத் திறக்க வேண்டும். முன்பு அந்தத் தொட்டியின் இரண்டு பாதிகளையும் நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கியிருந்தார்கள். இப்போது பல கம்பனிகள் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிடுகின்றன. தொழிற்சாலையில் நேரம் மிச்சம், ஒழுக்கு குறைவு, செலவும் குறைவு. பெயரிங் போனால் முழுத் தொட்டியையே மாற்ற வேண்டும்; கூலியும் சேர்ந்தால் புது மெஷினின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். அதற்கு மேல் மின்னணுப் போர்ட். இடி மின்னலுக்கும், கூடிக் குறையும் கரண்டுக்கும், உள்ளே புகும் எறும்புக்கும் பல்லிக்கும் அது ஒன்றே இலக்கு. அதில் ஒரு மூலை கருகினாலும் முழுப் போர்ட்டையும் மாற்றச் சொல்கிறார்கள்.

ஊர்ப்பேச்சு முழுக்கச் சரியா? பாதி சரி. இருபது வருடம் ஓடிய மெஷின் கண்முன்னே நிற்கிறது. அதோடு வாங்கி ஆறாம் வருடம் பழைய இரும்புக்குப் போனது நினைவில் இல்லை. ஆனால் ஜெர்மனியில் சுற்றாடல் நிறுவனத்துக்காக நடந்த ஆய்வொன்று 2015இல் கணக்குக் காட்டியது. வீட்டுப் பெரிய சாதனங்களில், பழுதாகி ஐந்து வருடத்துக்குள் மாற்றப்பட்டவை 2004இல் 3.5 சதவீதம், 2012இல் 8.3 சதவீதம். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: மாற்றப்பட்டவற்றில் மூன்றில் ஒன்று அளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. பழுதுக்குக் கம்பனி பொறுப்பு. ஓடுகிறதைத் தூக்கி எறிவதற்கு வாங்குகிற நாமும் பொறுப்பு.

2021 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுச் சட்டம். ஒரு மாதிரியின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் பத்து வருடம் உதிரிப்பாகம் கொடுக்க வேண்டும், கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். பட்டியலில் கூடு, ஸ்பைடர், பெயரிங் எல்லாம் உண்டு. ஆனால் தனித்தனியாகவோ ஒன்றாகச் சேர்த்தோ கொடுக்கலாம் என்று ஒரு வாசகமும் உண்டு. ஒட்டிய தொட்டி அந்த வாசகத்தின் வழியாகத் தப்பிப் போய்விட்டது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. புது மெஷின் வாங்க வழியில்லாத வீடுகளுக்குத் திருத்துகிறவரைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. ஒட்டிய தொட்டிக்கும் கைதேர்ந்த மெக்கானிக்மார் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒட்டு ஓடும் விளிம்பைச் சுற்றி முதலில் துளை போட்டுக்கொள்வார்கள். அறுத்த பிறகு இரண்டு பாதியும் பழையபடி பொருந்துவதற்கு அந்தத் துளைகள்தான் அடையாளம். பிறகு வாளால் ஒட்டின் மேலேயே மெதுவாக அறுத்துப் பிரிப்பார்கள். பெயரிங்கைத் தட்டி எடுத்து, புதியதைப் போட்டு, சீலை மாற்றி, விளிம்பெல்லாம் சிலிக்கன் பசை பூசி, துளைக்குத் துளை போல்ட் போட்டு நட்டை இறுக்குவார்கள். தொழிற்சாலை எடுத்துவிட்ட நட்டும் போல்ட்டும் இப்படித்தான் அதற்குத் திரும்பக் கிடைக்கின்றன. துருப்பிடிக்காத எஃகு போல்ட் கேட்டு வாங்கிப் போடச் சொல்ல வேண்டும். சாதாரண இரும்பு போல்ட் இந்தக் கரையில் நிலைக்காது.

களுவாஞ்சிகுடியிலோ மட்டக்களப்பு நகரிலோ புது மெஷின் வாங்கப் போகிறவர்கள் எத்தனை புரோகிராம், எத்தனை கிலோ என்று கேட்கிறார்கள். தொட்டி ஒட்டியதா, போல்ட் போட்டதா? பெயரிங் தனியாகக் கிடைக்குமா? போர்ட் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும்? இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். விற்கிறவருக்குப் பதில் தெரியாவிட்டால், மெஷின் திருத்துகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு வாங்குங்கள்.