பதிவேட்டில் நிற்கும் பெயர்கள்



டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் மூதாதையர் பட்டியல் வாசிக்கப்படும்போது நம்மில் பலருக்குக் கவனம் சிதறிவிடும். ஆபிரகாமில் தொடங்கி யோசேப்பு வரை வெறும் பெயர்கள்தானே என்று தோன்றும். ஆனால் கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சுக் கத்தோலிக்கரிடம் கேட்டால் வேறுவிதமாகச் சொல்வார்கள். அவர்களில் பலரால் தம் முன்னோரைப் பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்குப் பெயர் சொல்லி எண்ண முடியும். இத்தனைக்கும் அந்த முன்னோர் அரச குடும்பத்தார் அல்லர். உழவர், தச்சர், படைவீரர். சக்காரி குளூத்தியே என்ற தச்சர் 1634இல் அங்கே குடியேறினார். எழுதத் தெரியாது. கையொப்பமிட வேண்டிய இடத்தில் ஒரு கோடரியை வரைந்து வைப்பார். அவர் வழிவந்தோர் இன்று வட அமெரிக்கா எங்கும் இருக்கிறார்கள்.

இது பங்குப் பதிவேடுகளால் முடிந்தது. திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குத்தந்தையர் எழுதிவைக்க வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563இல் பணித்தது. நம் பங்கு அலுவலகத்து அலமாரியில் இருக்கும் பெரிய புத்தகங்களும் அந்தக் கட்டளையின் வழி வந்தவையே. கியூபெக் நகரில் 1640இல் ஆலயம் தீப்பற்றி எரிந்தபோது பதிவேடுகளும் சாம்பலாயின. குருக்கள் அவற்றை நினைவிலிருந்து மீண்டும் எழுதினார்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த சிறு குடியேற்றம் அது, அதனால்தான் முடிந்தது.

அப்பதிவேடுகளில் நம்மைக் கவர்வது பெண்களின் பெயர். மணமான பின்னும், இறந்து அடக்கம் செய்யப்படும்போதும், பெண் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதப்பட்டாள். திருமணப் பதிவில் இரு வீட்டுத் தாய் தந்தையர் பெயரும் உண்டு. 1663 முதல் 1673 வரை ஏறத்தாழ 800 இளம்பெண்களைப் பிரெஞ்சு அரசு அங்கு அனுப்பியது. ‘அரசரின் புதல்வியர்’ என்று பேர். பலர் உண்மையில் தாய் தந்தையற்ற ஏழைகள். கணவன் வீட்டுப் பெயருக்குள் அவர்கள் கரைந்துபோகவில்லை.

ஆண்களின் பெயரில்தான் சிக்கல். 1665இல் வந்த கரிஞான்-சலியேர் படையில் வீரர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது: ‘பூ’, ‘கவலையற்றவன்’, ‘மலை பிளப்பவன்’ என்றெல்லாம். ஊர்க்காரர்களுக்கும் இப்படிப் பெயர் ஒட்டியது. குடும்பப் பெயருக்குப் பின் ‘எனப்படும்’ என்று பொருள்படும் ‘தி’ என்ற சொல்லைச் சேர்த்து, பட்டப்பெயரையும் குருக்கள் எழுதினர். பின்வந்த பிள்ளைகளில் ஒருவர் பழைய பெயரைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் பட்டப்பெயரை. பியேர் மிவில் என்பவரின் வழிவந்தோர் சிலர் மிவில், சிலர் தெஷேன். இரத்த உறவுதான், பெயரில் தெரியாது. பிழைப்புத் தேடி அமெரிக்காவின் ஆலைகளுக்குப் போனவர்களோ பெயரை ஆங்கிலமாக்கினார்கள். ‘புவாவேர்’ அங்கே ‘கிரீன்வுட்’ ஆனது. இந்த முடிச்சுகளை அவிழ்க்கச் சிப்ரியன் தாங்கே என்ற குரு பங்கு பங்காகப் பதிவேடுகளைப் புரட்டி, 1871 முதல் 1890 வரை 7 தொகுதிகளாகக் குடும்ப வரலாற்று அகராதி வெளியிட்டார். குருத்துவப் பணியில் இதுவும் ஒரு வகை என்றே நமக்குப் படுகிறது.

ஆனாலும் எல்லாரும் அப்படி எழுதப்படவில்லை. மத்தேயுவின் பட்டியலில் பத்சேபா பெயரின்றி ‘உரியாவின் மனைவி’ என்றே நிற்கிறார் அல்லவா? கியூபெக்கிலும் அப்படி ஒருவர் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட சிறுவன் ஒருவனுக்கு 1633இல் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அங்கிருந்த குமாஸ்தா ஒருவரின் பெயரான ஒலிவியே அவனுக்கு இடப்பட்டது. குடும்பப் பெயராக, அவனுக்குக் கற்பித்த இயேசு சபை அருள்தந்தை போல் லெ ஜேனின் பெயர் சேர்ந்தது. தாய் தகப்பன் பெயர் எழுதப்படவில்லை. 1654இல் அதே நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அவரை அவர் தாய் அழைத்த பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.